புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கல்வித் துணை: ஒரு சமூகத் திட்டத்தைத் தொடங்கி நடத்துவது எப்படி

பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் பத்து வயது மகள் ஒருத்திதான். என்ன எழுதியிருக்கிறது என்று தாய் கேட்கிறார். "ஒன்றுமில்லை அம்மா, விடுமுறை அறிவிப்பு" என்று சொல்லிவிட்டு மகள் விளையாடப் போய்விடுகிறாள். அது வகுப்பாசிரியர் பெற்றோரை நேரில் பார்க்க விரும்பி எழுதிய கடிதம். அந்தச் சிறுமியைக் குறைசொல்லிப் பயனில்லை. வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என எல்லா இடங்களிலும் அவளைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள் என்றால், எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவள் கைக்குத் தானாகவே போய்விடும். புதிய நாட்டில் பிள்ளைகள் பெற்றோரைவிட விரைவாக மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த விரைவு பள்ளிக்கு நல்லது; வீட்டுக்குள் அதுவே பெரியவர் சிறியவர் என்ற வரிசையைக் குலைத்துவிடுகிறது.

குடியேறிய குடும்பங்களுக்கும் அகதிக் குடும்பங்களுக்கும் உதவ முன்வரும் குழுக்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்கான வீட்டுப்பாட வகுப்போடு தொடங்கி, அதோடு நின்றுவிடுகின்றன. வீட்டுப்பாட வகுப்பு தேவையானதே. ஆனால் அதை மட்டும் நடத்தினால், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே உள்ள இடைவெளி கொஞ்சம் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறேன்: பிள்ளையின் படிப்பைப் பற்றிய பேச்சில் பெற்றோருக்கு உரிய நாற்காலியை அது திருப்பித் தருகிறதா, இல்லையா என்பதே அது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் அறிக

புதிதாக வந்தவர்கள் அனைவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வேலை அனுமதியோடு வந்த குடும்பம், அகதி என்று ஏற்கப்பட்ட குடும்பம், புகலிடம் கோரி முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பம், எந்த அனுமதியும் இல்லாத குடும்பம் என நிலைகள் பல. கட்டணம், உதவித்தொகை, மேற்படிப்பு ஆகியவற்றில் இந்த வேறுபாடுகள் முக்கியமானவை. ஆனால் தொடக்கக் கல்வியைப் பொறுத்தவரை உலக உடன்படிக்கைகள் தெளிவாகவே பேசுகின்றன. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அதற்கு மேற்பட்ட கல்வியிலும், வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்பதிலும், கட்டண விலக்கிலும், உதவித்தொகையிலும் இயன்றவரை சாதகமாக நடத்த வேண்டும் என்கிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 28ஆம் பிரிவில் கல்வியை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாக அறிவிப்பதோடு, அடுத்த பிரிவிலேயே கல்வியின் நோக்கங்களில் ஒன்றாகப் பெற்றோரையும், தன் பண்பாட்டையும், தன் மொழியையும் குழந்தை மதிக்கக் கற்பதைச் சேர்த்திருக்கிறது. மேலே சொன்ன அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்களும் தீர்ப்புகளும் இதற்குத் துணையாகவோ தடையாகவோ இருக்கும். உங்கள் நாட்டில் எது நடைமுறையில் உள்ளது என்பதைத் தொடங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல், குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக ஒரு குழந்தைக்கு இலவச அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்கும் முன்பாக 1974இல், சான் பிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம், மொழி புரியாத மாணவனுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே பாடநூலையும் அதே ஆசிரியரையும் கொடுப்பது சமமாக நடத்துவதாகாது என்றது. சேர்க்கை கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்களிடம் இந்த இரண்டாவது தீர்ப்பை எடுத்துக்காட்டுவது பயன் தரும். பள்ளிக்குள் போய் உட்கார்வது ஒரு உரிமை. அங்கே பேசப்படுவது புரிவது இன்னொரு உரிமை.

குடும்பங்களிடம் கேட்டுத் தொடங்குக

அறையும் கரும்பலகையும் தேடுவதற்கு முன், பத்துப் பதினைந்து குடும்பங்களை அவர்கள் வீட்டிலோ அவர்கள் விரும்பும் இடத்திலோ சந்தியுங்கள். படிவம் கொண்டுபோகாதீர்கள். படிவத்தோடு வருபவர்களிடம் பேசிப் பேசி அலுத்துப்போனவர்கள் அவர்கள். பேனாவை எடுத்த உடனே பேச்சு குறைந்துவிடும். பிள்ளை எங்கே படித்தான், எதில் கெட்டிக்காரன், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள், பள்ளியைப் பற்றி உங்களுக்குப் புரியாதது என்ன என்ற ஐந்தாறு கேள்விகளே போதும். எப்படி இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவர்களாகச் சொல்ல விரும்பும் நாளில் வர வேண்டிய கதை. உங்கள் திட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

வேலை நேரம் பற்றிய கேள்வி சாதாரணமாகத் தோன்றினாலும் பல திட்டங்கள் அதில்தான் விழுகின்றன. துப்புரவு, உணவகம், கிடங்கு, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளில் உள்ள பெற்றோருக்கு மாலை ஆறு மணி என்பது வேலை தொடங்கும் நேரமாக இருக்கலாம். மாலையில் கூட்டம் வைத்துவிட்டு, "இவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை" என்று அலுத்துக்கொள்ளும் அமைப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்கறை இருந்தது; பேருந்து இல்லை. ஒரே கூட்டத்தை வார நாள் காலையிலும் வார இறுதியிலும் இருமுறை நடத்துவது, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அதே கட்டடத்தில் ஒருவரை அமர்த்துவது, பயணச் சீட்டுக்குப் பணம் கொடுப்பது என்ற மூன்றையும் செய்தபின் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு அக்கறையைப் பற்றிப் பேசலாம்.

இந்தச் சந்திப்புகளின் இன்னொரு பயன், அந்தக் குடும்பங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைக் காண்பது. 1990களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களை ஆய்வாளர்களாக அனுப்பினார்கள். இந்தக் குடும்பங்களுக்கு என்ன தெரியாது என்று பட்டியலிடுவதற்காக அல்ல, என்ன தெரியும் என்று அறிந்து வருவதற்காக. வேளாண்மை, கட்டுமானம், வணிகம், மூலிகை மருத்துவம் என்று அந்த வீடுகளில் குவிந்திருந்த அறிவை வகுப்பறைப் பாடங்களோடு இணைக்கலாம் என்பதே அங்கு கிடைத்த பாடம். கட்டட வேலை செய்த தந்தை பரப்பளவுக் கணக்கைத் தன் மொழியில் ஒரு மணி நேரம் விளக்க, அதை ஒருவர் மொழிபெயர்க்க, அவர் மகன் வகுப்பின் முன் அமர்ந்து பார்ப்பது என்பது கணிதப் பாடத்தைவிடப் பெரிய வேலையைச் செய்துவிடும்.

மொழிபெயர்ப்பை முதல் செலவாக வைத்துக்கொள்க

திட்டத்துக்குக் கிடைக்கும் பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது மொழிபெயர்ப்பாளருக்கான ஊதியம் என்பது என் உறுதியான கருத்து. கணினியும் புத்தகங்களும் நன்கொடையாகக் கிடைக்கும். நல்ல மொழிபெயர்ப்பாளர் அப்படிக் கிடைப்பது அரிது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்ற விதியை முதல் நாளே எழுதி, தன்னார்வலர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வகுப்பறையில் நடந்த சண்டை, தாயின் நோய், தேர்ச்சி அடையாத பாடம் போன்றவற்றைப் பற்றிய பேச்சில், பேசப்படும் பிள்ளையே நடுவில் நின்று சொற்களை மாற்றிக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் அநீதி. ஆசிரியருக்கு உண்மை போய்ச் சேராது, பெற்றோருக்கு மானம் போகும்.

மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போது நாட்டின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பம் தாரி பேசலாம், பஷ்தோ பேசலாம், உஸ்பெக் மொழியும் பேசலாம். எரித்திரியாவிலிருந்து வந்தவர் திகிரிஞா பேசுபவராகவோ அரபு பேசுபவராகவோ இருக்கலாம். பேசும் மொழியும் வாசிக்கும் மொழியும் வேறாக இருப்பதும் உண்டு. குர்து மொழியை வீட்டில் பேசி, பள்ளியில் அரபியிலோ துருக்கியிலோ மட்டுமே எழுதப் படித்தவர்கள் ஏராளம். எனவே "வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்? எந்த மொழியில் வாசிப்பது உங்களுக்கு எளிது?" என்று இரண்டு கேள்விகளாகக் கேளுங்கள். எதிலும் வாசிக்க இயலாதவர் இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்; அவர்களுக்கு அச்சிட்ட அறிவிப்பைவிடக் கைப்பேசியில் அனுப்பும் குரல் பதிவு நூறு மடங்கு பயன்படும்.

சிறு சமூகங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே மொழிபெயர்ப்பாளரே உறவினராகவோ, ஊரில் இருந்த பகையின் மறுபக்கத்தைச் சேர்ந்தவராகவோ இருந்துவிடலாம். போரிலிருந்து தப்பி வந்தவர்களிடம் இதைக் கவனிக்காமல் விட்டால், பெற்றோர் தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்கள். இன்னார் வேண்டாம் என்று காரணம் சொல்லாமலே மறுக்கும் உரிமையைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். தேவைப்பட்டால் வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியாக மொழிபெயர்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

கைப்பேசிச் செயலிகளின் தானியங்கி மொழிபெயர்ப்பு, "நாளை உணவு கொண்டு வரவும்" என்ற அளவிலான செய்திகளுக்கு உதவும். மதிப்பீட்டு அறிக்கை, சிறப்புக் கல்விக்கான ஒப்புதல், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கு அதை நம்பக்கூடாது. மேலும் கூட்டத்தில் அமரும் முறை ஒன்றுண்டு, அதைத் தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பழக்குங்கள். ஆசிரியர் பெற்றோரின் முகத்தைப் பார்த்து, பெற்றோரிடம் நேராகப் பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "இவரிடம் கேளுங்கள்" என்று சொல்லக்கூடாது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். நேரத்தை இருமடங்காகக் கணக்கிட வேண்டும். மற்ற பெற்றோருக்குப் பத்து நிமிடம் என்றால் இவர்களுக்கு இருபது நிமிடம். இல்லாவிட்டால் பாதிப் பேச்சோடு மணி அடித்துவிடும்.

மாணவர்களுக்கான வகுப்பு

புதிய மொழியில் சரளமாகப் பேசும் மாணவனைப் பார்த்து, அவனுக்கு இனி உதவி தேவையில்லை என்று பள்ளிகள் முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. கனடாவைச் சேர்ந்த மொழியியல் ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், அன்றாட உரையாடலுக்கான மொழியையும் பாடநூலுக்கான மொழியையும் 1979இல் பிரித்துக் காட்டினார். முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைகூடிவிடும். இரண்டாவது ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் எடுக்கும். விளையாட்டுத் திடலில் நகைச்சுவையாகப் பேசும் மாணவன், "பின்வரும் கூற்றை நிறுவுக" என்ற வினாவின் முன் திகைத்து நிற்பது அறிவுக் குறைவால் அல்ல. ஆகவே வகுப்புக்கு வந்த மாணவனை ஓராண்டில் "முடித்தவன்" என்று அனுப்பிவிடாதீர்கள். உதவியின் வடிவம் மாறலாம், உதவி நிற்கக்கூடாது.

நடைமுறையில் இதற்குச் செய்யக்கூடியது என்ன? அடுத்த வாரம் பள்ளியில் வரப்போகும் பாடத்தை இந்த வாரமே தாய்மொழியில் பேசிவிடுவது. ஒளிச்சேர்க்கை என்றால் என்னவென்று தன் மொழியில் ஒருமுறை கேட்டுப் புரிந்துகொண்ட மாணவிக்கு, வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது கற்க வேண்டியது சொற்களை மட்டுமே. கருத்தையும் சொல்லையும் ஒருசேரச் சுமக்க வேண்டியதில்லை. பாடம் முடிந்தபின் விளக்குவதைவிட முன்பே விளக்குவது எப்போதும் மேல். மாணவி வகுப்பில் கையைத் தூக்க முடிகிறது என்பது அதன் இன்னொரு பலன். இந்த முன்பேச்சை நடத்தப் பெற்றோரே தகுதியானவர்கள். வரப்போகும் பாடத்தின் சுருக்கத்தைக் குரல் பதிவாக அனுப்பிவைத்தால், இரவு உணவின்போது தந்தையோ தாயோ அதைப் பற்றி மகளோடு பேச முடியும்.

"வீட்டிலும் புதிய மொழியிலேயே பேசுங்கள்" என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் கெட்ட அறிவுரை அது. தாய்மொழியில் வலுவான அடித்தளம் உள்ள பிள்ளை இரண்டாம் மொழியையும் நன்றாகக் கற்கிறது. ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற திறன் மற்றொன்றுக்குக் கடந்து போகிறது. அதைவிட முக்கியம், பெற்றோர் தமக்குத் திக்கித் திணறும் மொழியில் பிள்ளையிடம் பேசத் தொடங்கினால், பேச்சு "சாப்பிட்டாயா, தூங்கு" என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். கதை சொல்வதும், கண்டிப்பதும், விவாதிப்பதும், ஆறுதல் கூறுவதும் சரளமான மொழியில்தான் முடியும். இந்த அறிவுரை உங்கள் தன்னார்வலர் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து வந்தால் பணிவாகத் திருத்துங்கள்.

போராலும் இடப்பெயர்வாலும் பள்ளியை ஆண்டுக்கணக்கில் இழந்த மாணவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பதினான்கு வயதில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒருவனுக்குச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான படப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் மறுநாள் வரமாட்டான். சொற்கள் எளிதாகவும் விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்கும் வாசிப்புப் பொருள் வேண்டும்: விளையாட்டுச் செய்தி, பேருந்து அட்டவணை, அவனே சொல்ல இன்னொருவர் எழுதிய அவன் நாளின் கதை. அவனே சொன்ன சொற்கள் என்பதால் கடைசி வகை மிக விரைவாகப் பலன் தருகிறது. மற்றபடி வகுப்பில் தன்னார்வலர் ஒருவருக்கு இரண்டு மூன்று மாணவர்களுக்கு மேல் வேண்டாம். அதே தன்னார்வலர் அதே மாணவர்களோடு குறைந்தது ஒரு கல்வியாண்டு இருக்கட்டும். பலமுறை இடம் மாறிய பிள்ளைகளுக்கு ஆள் மாறாமல் இருப்பதே பாதிப் பாடம்.

கணிதத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. கணிதம் எல்லா நாட்டுக்கும் பொது என்று எண்ணி அதை மொழி தேவைப்படாத பாடமாகக் கருதிவிடுகிறோம். சில நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுகிறார்கள். நீள வகுத்தலை எழுதும் வடிவமே நாட்டுக்கு நாடு வேறு. அரபு வழிப் பள்ளிகளில் எண்களின் உருவமும் மாறுபடலாம். தந்தை சொல்லிக் கொடுத்த முறையைப் பார்த்து ஆசிரியர் தவறு என்று சிவப்பில் கோடிட்டால், மாணவன் அன்றோடு தந்தையிடம் கேட்பதை நிறுத்திவிடுவான். இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, விடை ஒன்றே என்று காட்டுங்கள்.

பெற்றோருக்கான வகுப்பு

பள்ளி என்பது எப்படி இயங்குகிறது என்பது எந்த நாட்டிலும் எழுதி வைக்கப்படாத அறிவு. சில நாடுகளில் ஆசிரியரிடம் போய்க் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பது. பிள்ளையைப் பள்ளியில் விட்டபின் பெற்றோர் விலகி நிற்பதே மரியாதை. வேறு சில நாடுகளில் அப்படி விலகி நிற்கும் பெற்றோரை அக்கறையற்றவர் என்று குறித்துக்கொள்வார்கள். இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு இருந்துகொண்டே ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆகவே பெற்றோர் வகுப்பின் முதல் பாடம் இலக்கணமாக இருக்க வேண்டாம். "இந்த நாட்டில் பள்ளி உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது, நீங்கள் பள்ளியிடம் என்ன எதிர்பார்க்கலாம்" என்பதாக இருக்கட்டும், அதையும் அவர்கள் மொழியிலேயே நடத்துங்கள்.

உண்மையான தாள்களை மேசையில் பரப்புங்கள். பெயரை மறைத்த மதிப்பெண் அறிக்கை, சுற்றுலாவுக்கான ஒப்புதல் படிவம், வருகைக் குறைவு பற்றிய எச்சரிக்கைக் கடிதம் போன்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எதற்குப் பதில் எழுத வேண்டும், எதைப் பத்திரப்படுத்த வேண்டும், எதைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று பேசுங்கள். பிறகு ஆசிரியர் சந்திப்பை நடித்துப் பழகுங்கள். "என் மகன் வகுப்பில் பேசுகிறானா?", "எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான்?", "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்ற மூன்று வாக்கியங்களைப் புதிய மொழியில் மனப்பாடமாகச் சொல்ல ஒவ்வொரு பெற்றோருக்கும் கற்றுக்கொடுங்கள். மூன்றாவது வாக்கியம்தான் மற்ற இரண்டுக்கும் கதவு. பெரியவர்களுக்கான மொழி வகுப்பும் இவ்வாறே, தொலைபேசியில் பள்ளிக்கு விடுப்புச் சொல்வது, மருந்துச் சீட்டை வாசிப்பது என்று அன்று மாலையே பயன்படும் தேவைகளிலிருந்து வளரட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு அதே சமூகத்தில் சற்று முன்பே வந்த பெற்றோரே நல்ல வழிகாட்டிகள் என்பது பல நாடுகளில் தேறிய முறை. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்காக 1969இல் இஸ்ரேலில் தொடங்கி, பின்னர் ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி முதலிய நாடுகளுக்குப் பரவிய ஹிப்பி என்ற வீட்டுவழிக் கல்வித் திட்டத்தில், வீடு வீடாகப் போய்த் தாய்மாரோடு பாடப் பொருள்களைப் பழகுபவர்கள் பெரும்பாலும் அதே சமூகத்தைச் சேர்ந்த தாய்மாரே. குழந்தைக்குப் பாடம் நடத்துபவர் வீட்டுக்கு வந்த பணியாளர் அல்ல, தாய்தான் என்பது அதன் நுட்பம். பெர்லின் நகரின் நொய்கோல்ன் பகுதியில் 2004இல் தொடங்கிய "வட்டாரத் தாய்மார்" திட்டமும் குடியேறிய பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தம் போன்ற குடும்பங்களைச் சந்திக்க அனுப்பியது. கனடாவில் பள்ளிக்குள்ளேயே குடியமர்வுப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். புதிய குடும்பம் சேர்க்கைக்கு வரும்போதே அவர்களைச் சந்திக்கிறது. இவற்றைப் பின்பற்ற நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தத் தாய்மார் செய்வது வேலை, அதற்கு ஊதியம் தர வேண்டும். "சமூக சேவை" என்ற பெயரில் ஏழைப் பெண்களின் நேரத்தை இலவசமாக வாங்குவது திட்டத்துக்கும் நல்லதல்ல, அறத்துக்கும் நல்லதல்ல.

சான்றிதழ் இல்லாதவர்கள்

ஓடி வந்தவர்கள் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. பிறப்புச் சான்றிதழும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் இல்லாததால் பிள்ளையை இரண்டு வகுப்பு கீழே இறக்குவதோ, சேர்க்கையையே தள்ளிப்போடுவதோ நடக்கிறது. பெற்றோரோடு அமர்ந்து, பிள்ளை எந்த ஆண்டில் எங்கே எந்த மொழியில் எத்தனை மாதம் படித்தான் என்று ஒரு கால வரிசையை எழுதி, படித்த பாடங்களையும் குறித்து, பெற்றோரின் கையெழுத்தோடு பள்ளிக்குக் கொடுங்கள். பிள்ளையின் திறனைத் தாய்மொழியில் சோதிக்கும்படி கேளுங்கள். பெரியவர்களின் உயர்கல்விச் சான்றுகளுக்கு, ஐரோப்பியப் பகுதி நாடுகளுக்காக 1997இல் லிஸ்பனில் உருவான அங்கீகார உடன்படிக்கை, அகதிகளின் தகுதியை ஆவணச் சான்று இல்லாத நிலையிலும் நியாயமாக மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. பொறியாளராக இருந்து இப்போது பாத்திரம் கழுவும் தந்தைக்கு இந்த வழியைக் காட்டுவதும் கல்வித் துணைதான். தந்தையின் படிப்பு மதிக்கப்படுவதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் படிப்பின் மீதும் நம்பிக்கை வருகிறது.

காயங்களைக் கையாளுதல்

ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பின் கணக்குப்படி, கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் சிலர் உங்கள் வகுப்பில் கதவு படாரென்று சாத்தப்பட்டால் நடுங்குவார்கள், சிலர் தூங்கி விழுவார்கள், சிலர் காரணமின்றிச் சண்டையிடுவார்கள். தன்னார்வலர்கள் சிகிச்சையாளர்கள் அல்லர். கதையைத் தோண்டி எடுப்பது அவர்கள் வேலையும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி கூறும் மூன்று செயல்கள் இங்கே போதும்: பார்த்தல், கேட்டல், இணைத்தல். என்ன நடக்கிறது என்று கவனி, சொன்னால் செவிகொடு, தேவைப்படும் உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. "உன் குடும்பத்தைப் பற்றி எழுது", "விடுமுறையில் என்ன செய்தாய்" என்ற கட்டுரைத் தலைப்புகளைக் கட்டாயமாக்காதீர்கள். எல்லாத் தலைப்புக்கும் ஒரு மாற்று இருக்கட்டும். ஒவ்வொரு வகுப்பும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிவது, மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்வது ஆகிய எளிய ஒழுங்குகள் பல பிள்ளைகளை அமைதிப்படுத்துகின்றன.

பாதுகாப்பும் தகவலும்

தன்னார்வலர் அனைவருக்கும் காவல்துறைப் பின்னணிச் சரிபார்ப்பு, மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கக்கூடாது என்ற விதி, புகார் சொல்ல ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றில் எந்தச் சலுகையும் வேண்டாம். தகவலைப் பொறுத்தவரை, தேவைப்படாத எதையும் எழுதி வைக்காதீர்கள். குடியேற்ற நிலை, வந்த வழி, அடையாள எண் ஆகியவை உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டிய காரணமே இல்லை. இல்லாத தகவல் யார் கைக்கும் போகாது. பிள்ளைகளின் நிழற்படத்தைச் சமூக வலைத்தளத்தில் பகிர்வதையும் தவிர்க்க வேண்டும். தாயகத்தில் இன்னும் உறவினரை விட்டு வந்த குடும்பத்துக்கு ஒரு சிரித்த முகப் படம்கூட ஆபத்தாகலாம். நன்கொடையாளர் படம் கேட்டால் நாற்காலிகளையும் புத்தகங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

எது நடந்தது என்று எப்படி அறிவது

பணம் தருபவர்கள் எண்ணிக்கை கேட்பார்கள். வருகைப் பதிவையும் தேர்ச்சியையும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்காக வேறு சிலவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் எத்தனை பெற்றோர் தாமாகப் பள்ளியைத் தொலைபேசியில் அழைத்தார்கள்? எத்தனை பேர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தாமே கேட்டார்கள்? ஆசிரியர் சந்திப்புக்குத் தன்னார்வலர் துணையில்லாமல் போனவர்கள் எத்தனை பேர்? பிள்ளை கொண்டுவந்த கடிதத்தை மறுநாள் வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்தவர்கள் எத்தனை பேர்? இவை கூடும்போது வீட்டுப்பாட உதவி கேட்டு வருபவர்கள் குறைவதைக் காண்பீர்கள். அதைத் திட்டத்தின் தோல்வி என்று எண்ணி ஆள் திரட்டக் கிளம்பிவிட வேண்டாம்.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரில் மூன்று நான்கு பேரைத் திட்டக்குழுவில் வாக்குரிமையோடு சேர்த்து, வரவு செலவுக் கணக்கை அவர்கள் மொழியில் அவர்கள் முன் வையுங்கள். வகுப்பு எந்த நாளில், மொழிபெயர்ப்பாளர் யார், எந்தத் தன்னார்வலரைத் திரும்ப அழைப்பது என்ற முடிவுகள் அவர்களிடமிருந்து வரட்டும். குழுக் கூட்டமும் அவர்கள் மொழியிலேயே நடக்கட்டும். மொழிபெயர்ப்பை நம்பிக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அமர வேண்டியவர்கள் நீங்களாக இருங்கள்.